மழை அறிவிப்பும் மக்கள் உயிரும்

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று புரட்டாசி மாதத்தைப் பற்றி நமது முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். ஆவணியின் பின்பாதிக்கும் அச்சொல் முற்றும் பொருந்தும். காலை எட்டு மணிக்கே சட்டை உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. நடுப்பகலில் இலை அசைவதில்லை. பிற்பகல் நாலு மணிக்கு மேற்கே கருக்கத் தொடங்கி, விளக்கு வைக்கும் வேளையில் காற்றும் இடியும் மின்னலுமாக மழை வந்து விழுகிறது. ஒரு தெருவில் முழங்கால் அளவு வெள்ளம் ஓடும். அடுத்த தெருவில் புழுதிகூட அடங்கியிராது. மறுநாட் காலையில் மீண்டும் அதே புழுக்கம். கிழக்குக் கரையை அடுத்த வட ஜில்லாக்களில் ஆண்டுதோறும் இப்பருவத்தில் வாரக்கணக்காக நடைபெறுவது இதுவே.

இந்நாட்களில் சென்னை வானிலை நிலையத்தார் தினந்தோறும் வெளியிடும் அறிவிப்பும் ஏறக்குறைய ஒரே வாசகமாகவே இருக்கிறது. வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும். வெப்பநிலை அதிகபட்சம் 35, 36 டிகிரியையும், குறைந்தபட்சம் 26, 27 டிகிரியையும் ஒட்டி இருக்கும் என்பதே அதன் சாரம். பத்திரிகைகள் அதை ஒரு மூலையில் அச்சிடுகின்றன. படிப்பவர்கள் குடை எடுப்பதா, வேண்டாமா என்ற அளவில் யோசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

குடை பிடித்து நடப்பவர்களுக்கு இந்த அறிவிப்புப் போதும். ஆனால் களை பறிக்கும் பெண்களும், ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவர்களும், செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் உழைப்பவர்களும், கட்டடத்தின் உச்சியில் கம்பி கட்டுபவர்களும் பகல் முழுதும் வானத்தின் கீழே நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு வரி குடையைப் பற்றிய விஷயமன்று. உயிரைப் பற்றிய விஷயம். அறிவிப்பு இருக்கிறது, அது அவர்களிடம் போய்ச் சேரவில்லை. சேர்ந்தாலும் அதன்படி நடந்துகொள்ள அவர்களுக்குச் சுதந்திரமில்லை. இதுவே நமது முறையீடு. இதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் அறிவிப்பின் பாஷையைக் கவனிப்போம். ‘ஓரிரு இடங்களில்’ என்பது மழுப்பிப் பேசும் வார்த்தை என்று ஜனங்களில் பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அது அளவிட்டு வைத்த சொல். ஒரு பிரதேசத்திலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாத நிலையங்களில் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்கள்’ என்கிறார்கள். 26 முதல் 50 வரை ‘ஒரு சில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’. அதற்கு மேற்பட்டால் ‘பெரும்பாலான இடங்கள்’. அவ்வாறே ‘கனமழை’ என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதற்கு இட்ட பெயர். அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை ‘மிக கனமழை’. அதையும் தாண்டினால் ‘அதி கனமழை’. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் வர்ணங்களுக்கும் திட்டமான பொருள் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. இவ்வளவு ஒழுங்காக அமைந்த பாஷையின் பொருளை ஜனங்களுக்கு ஓதிவைத்தவர் யார்? சிவப்பு எச்சரிக்கை என்றதும் கடைத்தெருவில் பாலுக்கும் ரொட்டிக்கும் அடித்துக்கொள்ளும் கூட்டமும், மஞ்சள் என்றதும் அலட்சியமாகச் சிரிக்கும் கூட்டமும் பாஷை தெரியாததால் உண்டானவை.

அடுத்தபடி, அறிவிப்பு ஏன் ஊரின் பெயரையோ தெருவின் பெயரையோ சொல்லுவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். சாஸ்திரிகளைப் பரிகாசம் செய்வதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. இதில் நாம் அவர்கள் பக்கமே பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்புறத்தில் தன் நீரையெல்லாம் சொரிந்துவிட்டு நம் பக்கத்தில் வறண்ட காற்றாக இறங்குகிறது. பகல் வெயிலில் உள்நாட்டு நிலம் காய்கிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உட்புகுகிறது. இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே காற்று மேலெழும்பி, சில நாழிகைக்குள் பல கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் திரண்டுவிடுகிறது. வேலூர், அரக்கோணம், திருத்தணிப் பக்கங்களில் பிற்பகலில் திரண்ட மேகம் மேற்காற்றால் தள்ளப்பட்டு இரவில் சென்னையை வந்தடைவது இப்பருவத்தின் வழக்கம். அத்தகைய மேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர். ஆயுள் ஒரு மணி நேரம் அல்லது சற்று அதிகம்.

இதை முன்கூட்டிக் கணிக்க நமது தேசத்தார் கொஞ்சமாக முயலவில்லை. 2002-ம் வருஷத்தில் இந்தியாவின் முதல் டாப்ளர் ராடார் சென்னைத் துறைமுகத்தருகே நிறுவப்பட்டது. 2024-ம் வருஷம் செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் ‘அர்க்கா’, ‘அருணிகா’ என்னும் மகா கணினிகள் இயங்கத் தொடங்கின. 2025-ம் வருஷம் மே மாதத்தில் வெளியான ‘பாரத் முன்னறிவிப்பு முறை’ பூமியை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடுகிறது. அதற்குமுன் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டர். ஆயினும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே மடியக்கூடிய மேகத்தை முதல் நாளே பெயரிட்டுச் சொல்ல இன்று எத்தேசத்தாராலும் இயலாது. 2021-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி சென்னையில் எதிர்பாராமற் கொட்டிய பெருமழையும், 2025-ம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி இரவில் மணலியில் விழுந்த 27 சென்டிமீட்டர் மழையும் இதற்குச் சான்று. மேலே நாம் காட்டிய அளவுப்படி மணலியில் பெய்தது அதி கனமழை. நகர் முழுதும் அவ்வளவு பெய்ததா என்றால் இல்லை.

முதல் நாளில் ஊர்ப்பெயர் சொல்ல முடியாதென்றால், எதுவுமே சொல்ல முடியாதென்று பொருளல்ல. இந்த ஜில்லாவில் இன்று பிற்பகலில் இடி விழக்கூடும் என்று காலையிலேயே சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள். மேகம் திரண்டபின் ராடாரில் பார்த்து, அடுத்த மூன்று மணி நேரத்தில் எந்தெந்த ஜில்லாக்களில் இடியும் மழையும் வரும் என்று நேரத்துக்கு நேரம் அறிவிக்கிறார்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலி, 20 கிலோமீட்டருக்குள்ளும் 40 கிலோமீட்டருக்குள்ளும் நேரும் மின்னலைப் பற்றி எச்சரிக்கிறது. ஓடி ஒதுங்க அரைமணி போதும். மூன்று மணி நேரம் என்பது பெரிய அவகாசம். கேள்வி ஒன்றே. அந்த மூன்று மணி நேரம் யாருடைய கையில் இருக்கிறது? நகரத்தில் மாடியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பவன் கையில் இருக்கிறது. கைப்பேசியை வரப்பில் துணியில் முடிந்து வைத்துவிட்டுச் சேற்றில் குனிந்திருப்பவள் கையில் இல்லை.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததன்று. சரித்திரத்தைப் பார்த்தால் இதன் வேர் தெரியும். 1792-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சிச் சாலையொன்றைக் கட்டி, அதன் கருங்கல் தூணில் லத்தீன் முதலிய பாஷைகளோடு தமிழிலும் செய்தி பொறித்தார்கள். அத்தூண் இன்றும் வானிலை நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. 1796-ம் வருஷம் முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. அந்நிய வியாபாரிகளுக்குக்கூட, தாங்கள் செய்த காரியத்தை ஊர்ப் பாஷையில் கல்லில் வெட்டி வைக்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் கல்லில் தமிழ் இருந்ததே தவிர, உள்ளே எழுதிய குறிப்பேடுகள் குடியானவனுக்காக எழுதப்படவில்லை.

1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்தது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. அதன் பிறகே, 1875-ம் வருஷத்தில், இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. மறு வருஷமே தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. லட்சோபலட்சம் ஜனங்கள் மடிந்துகொண்டிருக்கையில் துறைமுகங்களின் வழியே தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. இலாகா இருந்தது, அதன் அறிவு ஏழையின் குடிசைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும், தானியத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவனிடம் இல்லை. பின்னர் இலாகாவின் தலைமைக் காரியாலயம் 1905-ல் சிம்லாவுக்கும், 1928-ல் பூனாவுக்கும், 1944-ல் டில்லிக்கும் மாறியது. 1944-ல்தான் எஸ். கே. பானர்ஜி என்னும் இந்தியர் முதன்முதலாக அதன் தலைவரானார். 1945-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியில் சென்னைப் பிராந்திய நிலையம் தொடங்கியது. தலைமை நம்மவர் கைக்கு வந்தது மெய்யே. சிம்லாவிலிருந்து இறங்கிய சாஸ்திரம் டில்லி வழியாக நுங்கம்பாக்கம் வரை வந்து சேர்ந்ததும் மெய்யே. நுங்கம்பாக்கத்திலிருந்து நாட்டுப்புறத்துக் கொல்லைமேட்டுக்கு உள்ள தூரத்தை மட்டும் அது இன்னும் கடக்கவில்லை.

இதனால் விளையும் நஷ்டம் எவ்வளவு? தேசியக் குற்றப் பதிவு நிலையத்தாரின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் இடி தாக்கி மாண்டவர்கள் 2,887 பேர். அவ்வருஷம் இயற்கைச் சக்திகளால் நேர்ந்த விபத்து மரணங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இடியால் நேர்ந்ததாகும். 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பீகாரில் ஒரே நாளில் 80-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நமது ராஜ்யத்திலேயே 2025-ம் வருஷம் அக்டோபரில், கடலூர் ஜில்லாவில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நால்வர் இடி தாக்கி ஒருங்கே உயிர் நீத்தார்கள். புயலென்றால் மந்திரிகள் கூடுகிறார்கள். கப்பல்கள் கரையை விட்டு விலகுகின்றன. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்படுகிறது. இடி ஒவ்வொருவராக, இருவராக, நால்வராகக் கொல்லுகிறது. ஆதலால் அது பேரிடராகத் தோன்றுவதில்லை; விதி என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம். ஒரிஸ்ஸா ராஜ்யத்தார் 2015-லேயே இடியைத் தமது ராஜ்யத்துக்குரிய பேரிடராக அறிவித்தார்கள். வங்காள தேசத்தார் 2016-ல் அவ்வாறே செய்தார்கள். விதியென்று அவர்கள் விட்டுவிடவில்லை.

நீதிஸ்தலங்களில் பழகியவர்கள் ஒரு விதியை நன்கறிவார்கள். பிரதிவாதிக்குச் சம்மன் சார்வு ஆகாத வழக்கில் ஒருதலைத் தீர்ப்புச் சொன்னால் அத்தீர்ப்பு நிற்காது. சம்மன் அச்சடித்தாயிற்று, கச்சேரியில் ஒட்டியாயிற்று என்று சொன்னால் போதாது. அவன் கையில் சேர்ந்ததா என்று நீதிபதி கேட்பார். பத்து ரூபாய்க் கடனுக்குக்கூட இவ்வளவு கண்டிப்பு. உயிர் போகும் விஷயத்தில் மாத்திரம், இணையத்தில் ஏற்றியாயிற்று, அறிக்கை அனுப்பியாயிற்று என்று உத்தியோகஸ்தர்கள் கை கழுவிவிடுவது எந்த நியாயத்தில் சேரும்? இதே சர்க்கார், வரிப் பாக்கிக்காகக் குடியானவனுடைய நிலத்தை ஜப்தி செய்த காலத்தில், அவன் வாசலுக்கே வந்து தமுக்கடித்துச் சொல்லியது. தண்டோரா என்னும் அவ்வழக்கத்தை 2022-ம் வருஷத்தில் நமது ராஜ்ய சர்க்கார் நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்த வண்டிகளைப் பயன்படுத்தச் சொல்லியது மிகவும் சரி. மனிதனை இழிவுபடுத்தும் வேலை ஒழிந்தது. ஆனால் ஏலத்துக்கும் ஜப்திக்கும் வாசல் தேடிவந்த குரல், இடிக்கும் மழைக்கும் வர வேண்டாமா?

கடற்கரையைப் பாருங்கள். துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் கூண்டுகள் ஏற்றுகிறார்கள். எழுத்தறியாத மீனவனும் கூண்டைப் பார்த்துக் கடலின் நிலையை அறிகிறான். அக்கூண்டு கப்பல் முதலாளிகளின் சரக்கைக் காப்பதற்காக ஏற்பட்டது என்றாலும், கட்டுமரக்காரனுக்கும் அது பயன்பட்டது. அவ்வாறு கண்ணால் பார்த்து அறியத்தக்க கூண்டு உள்நாட்டு வயல்வெளிக்கு ஏன் ஒன்றும் இல்லை? ஊருக்கு ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி எழும்பி நிற்கிறது. சுற்றுப்புறத்து வயல்களிலிருந்தெல்லாம் அது தெரியும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் மூன்று கொடிகள் தைக்க எவ்வளவு செலவாகும்?

இனி மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கொல்லையில் களை பறிக்கும் பெண் மேற்கே முதல் இடியைக் கேட்டுவிட்டாள். அவள் என்ன செய்வாள்? வேலையை விட்டுக் கரையேறினால் அன்றைய கூலியில் பாதி போகும். கங்காணியோ மேஸ்திரியோ முகத்தைச் சுளிப்பான். நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவான். ஆகவே இன்னும் ஒரு பாத்தி, இன்னும் ஒரு பாத்தி என்று குனிந்தே இருப்பாள். அவளுக்கு இடியைப் பற்றிய அறிவு இல்லாமலில்லை. கூலி போகுமே என்ற பயம் இடியின் பயத்தைவிடப் பெரிதாயிருக்கிறது. கூலிக்கு ஜவாப்தாரியாக ஒருவருமில்லாதவரை, ஆயிரம் ராடார்கள் வைத்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. சாஸ்திரம் செய்யவேண்டிய வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. மிச்சமிருப்பது நியாயத்தின் வேலை.

இடியைப் போலவே புழுக்கமும் கொல்லும் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2024-ம் வருஷம் அக்டோபரில் ராஜ்ய சர்க்கார் வெப்ப அலை மரணத்தை ராஜ்யத்துக்குரிய பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி வகுத்தது. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் வெப்ப அலை என்பதற்கு இலாகாவார் வைத்திருக்கும் இலக்கணம் என்ன? சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும், கடற்கரையில் குறைந்தது 37 டிகிரியும் இருக்கவேண்டும். வழக்கமான அளவைவிட நாலரை டிகிரி ஏறியும் இருக்கவேண்டும். ஆவணி மாதத்தில் கடற்கரைப் பட்டணங்களில் வெப்பமானி 35, 36 டிகிரியிலேயே நின்றுவிடும். வேர்வை உலர்ந்தாலன்றி உடம்பு தணியாது. ஈரக்காற்றில் வேர்வை உலர்வதில்லை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் காட்டும் அளவே உழைப்பாளியின் உடம்பு படும் பாட்டைத் தெரிவிக்கும். அது 35 டிகிரியை எட்டினால் நிழலில் சும்மா இருக்கும் திடகாத்திரனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கான். வெயிலில் மூட்டை சுமப்பவனுக்கு அதற்கு வெகு கீழேயே அபாயம் தொடங்குகிறது. அறிவிப்பில் காய்ந்த வெப்பமானியின் அளவை மட்டும் சொல்லி, ஈரத்தின் அளவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், ஆவணியில் மயங்கி விழுபவன் கணக்கிலேயே வராமல் போவான்.

மழை முடிந்த பிறகும் அபாயம் முடிவதில்லை. 2025-ம் வருஷம் ஆகஸ்டில், சென்னையில், விடிவதற்கு முன் வேலைக்குப் புறப்பட்ட துப்புரவுத் தொழிலாளிப் பெண் ஒருவர் தேங்கிய மழைநீரில் கால் வைத்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். மழை வருமென்று முன்னரே தெரிந்த பருவத்தில், மண்ணுக்கடியில் ஓடும் மின்கம்பிகளைச் சோதித்து வைப்பது யாருடைய பொறுப்பு? காவிரிப் பாசன ஜில்லாக்களில் குறுவை அறுவடை நடப்பதும் இந்தப் பருவத்தை ஒட்டியே. சர்க்கார் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு நூற்றுக்கு 17 பங்கு வரையே ஈரம் இருக்கலாம் என்பது விதி. திறந்த வெளியில் குவித்த நெல்லின்மேல் ஒரு மணி நேரம் மழை பெய்தால் அவ்விதியின்படி நெல் தள்ளப்படுகிறது. விவசாயிக்கு வேண்டியது காலையிலேயே ஒரு வார்த்தையும், மூடுவதற்கு ஒரு தார்ப்பாயும்தான். அத்தகைய வார்த்தையைச் சொல்லுவதற்கென்றே வேளாண் அறிவியல் நிலையங்களில் ஏற்பட்டிருந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் 2024-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரால் நிறுத்தப்பட்டன. அவற்றைப் புதுப்பிக்கும் பேச்சு பின்னர் எழுந்தது. மகா கணினிக்குக் கோடிக்கணக்கில் பணம் உண்டு. அது சொல்லுவதைக் குடியானவனிடம் கொண்டுபோய்ச் சொல்லும் சிப்பந்திக்குச் சம்பளம் இல்லை என்பது விசித்திரமான சிக்கனம்.

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. முதலாவது, ஜில்லா அறிவிப்பும் மூன்று மணி நேர எச்சரிக்கையும் வெளியான மாத்திரத்தில், ஒவ்வொரு ஊராட்சியிலும் இன்ன உத்தியோகஸ்தர் அதை ஒலிபெருக்கியில் வாசிக்கவும் தண்ணீர்த் தொட்டியில் கொடி ஏற்றவும் கடமைப்பட்டவர் என்று எழுத்து மூலம் நியமிக்க வேண்டும். வாசித்த நேரம் பதிவாக வேண்டும். இரண்டாவது, இடி கேட்டுத் திறந்தவெளி வேலையை நிறுத்தினால் அந்நாட் கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாதென்று உத்தரவிட வேண்டும். சர்க்காரே கூலி கொடுக்கும் கிராம வேலைத் திட்டங்களிலும் சாலை வேலைகளிலும் இதை நாளையே அமல் நடத்தலாம். மற்ற முதலாளிகள் பிறகு தப்ப முடியாது. மூன்றாவது, வெப்ப அறிவிப்பில் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கடற்கரை ஜில்லாக்களுக்கு வேலை நேர விதிகள் வகுக்க வேண்டும். நாலாவது, அறிவிப்பின் சொற்களுக்கும் வர்ணங்களுக்கும் பொருளைப் பள்ளிக்கூடங்களில் ஒரு பாடமாக வைக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் கைகட்டி இருக்க வேண்டும் என்பதில்லை. நமது நேயர்களில் பலர் ஊருக்கு உழைப்பதையே விரதமாகக் கொண்டவர்கள். கூட்டம் கூட்டவும், சுவரில் எழுதவும், வீடு வீடாகப் போகவும் பழகியவர்கள். தேநீர்க் கடையிலோ, பால் சங்கத்து வாசலிலோ, நியாய விலைக் கடையிலோ ஒரு கரும்பலகை மாட்டி, காலையில் ஒரு தடவையும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் வானிலை நிலையத்தின் எச்சரிக்கையை நல்ல தமிழில் எழுதி வைக்க ஓர் இளைஞன் போதும். கோயில், மசூதி, மாதாகோயில்களின் ஒலிபெருக்கிகள் ஊருக்குப் பொதுவான இந்த ஒரு காரியத்துக்கு மறுக்கப்படமாட்டா. கூடவே சில விஷயங்களையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அபாயம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டதென்று பொருள். உடனே கெட்டிக் கட்டடத்துக்குள் புக வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்குவது சாவைத் தேடிப் போவதாகும். கடைசி இடி கேட்டு அரைமணி கழியும்வரை வெளியே வரலாகாது. இடி தாக்கி விழுந்தவன் உடம்பில் மின்சாரம் தங்கியிராது. அவனைத் தொடலாம், மார்பை அழுத்தி மூச்சை மீட்க முயலலாம். தொடப் பயந்து விலகி நின்றதால் போன உயிர்களும் உண்டு.

அந்நியர் ஆட்சியில் மழை பொய்த்ததற்கு நாம் அவர்களைக் குறை கூறவில்லை. மழை பொய்த்தபோது குடிகளைச் சாகவிட்டதற்கே குறை கூறினோம். அதே அளவுகோலால் நமது சர்க்காரையும் நம்மையும் அளந்து பார்க்க வேண்டியது நேர்மை. இடி விழுந்தது யாருடைய குற்றமுமன்று. விழுமென்று காலையிலேயே தெரிந்திருந்தும், கூலிக்குப் பயந்து ஒருத்தி வயலில் நின்றாளென்றால் அது நம் அனைவருடைய குற்றமாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள் உள்ளன. அதற்கு முன்னே இவ்வாரத்துப் புழுக்கமும் இடியுமே ஒத்திகையாகட்டும். முதற் கரும்பலகை எந்த ஊரில் ஏறியது என்ற செய்தியை இப்பத்திரிகையில் பிரசுரிக்க ஆவலோடு காத்திருக்கிறோம்.